சாரலில் விக்கிய கார்!

குற்றாலத்துக்குப் போகிறவர்கள் அருவிக்கடியில் தலையைக் கொடுப்பார்கள். போன ஜூலை சீஸனில் நான் கார் பானெட்டுக்கடியில் கொடுத்தேன். அதுவும் இரண்டு நாள்! நனையவில்லை என்று சொல்ல முடியாது. சாரல் இருக்கிறதே, அது வருமான வரி நோட்டீஸ் மாதிரி. ஒதுங்கி நின்றாலும் தேடி வந்து விழும்.

முதலில் காரைப் பற்றி. 2014 மாடல், பெட்ரோல், செகண்ட் ஹாண்ட். கம்பெனி பெயர் வேண்டாம். நடந்த எதற்கும் அவர்கள் பொறுப்பில்லை. எனக்கு முன்னால் அதை வைத்திருந்தது ஒரு கோயம்புத்தூர்ப் பையன். கோவை வண்டி என்றாலே நம்மவர்களுக்கு ஒரு மயக்கம் உண்டு. 2005-ல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயன் அந்த ஊர்க்காரர். கரி மோட்டார் ஸ்பீட்வே இருப்பதும் அங்கேதான். ஆகவே அந்த ஊர்க் காரும் சிறுவாணித் தண்ணீரைக் குடித்துவிட்டுப் பறக்கும் என்று ஒரு மூட நம்பிக்கை. எனக்கும் இருந்தது.

பையன் வண்டியைச் சும்மா விட்டுவைக்கவில்லை. கம்பெனி ஏர் ஃபில்டர் டப்பாவைக் கழற்றிப் போட்டுவிட்டு, கூம்பு மாதிரி ஒரு ஃபில்டர். எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் ஒரிஜினல் குழாய்க்குப் பதிலாக, நாலு ஸ்டீல் குழாய்கள் பாம்பு மாதிரி வளைந்து ஒன்றுசேரும் 'ஹெடர்'. பின்னால் 'ஃப்ரீ ஃப்ளோ' சைலன்ஸர். ஸ்டார்ட் பண்ணினால் எங்கள் தெரு நாய்கள் எழுந்து நின்று மரியாதை செய்யும். 'பி.காம். படித்து, முப்பதைத் தாண்டியவனுக்கு இதெல்லாம் தேவையா?' என்று நீங்கள் கேட்கலாம். பகலெல்லாம் நாலு கடைக்கு ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போடுகிறவனுக்குத்தான் சார் இதெல்லாம் தேவை!

ஆறு மாதம் நன்றாக ஓடியது. அப்புறம் ஆரம்பித்தது விக்கல். மெதுவாகப் போய்க்கொண்டிருக்கும்போது ஆக்ஸிலேட்டரை அழுத்தினால், வண்டி உடனே போகாது. 'என்னையா கூப்பிட்டீங்க?' என்பது போல ஒரு கணம் யோசிக்கும். பிறகு ஒரு குலுக்கல் குலுக்கிவிட்டுக் கிளம்பும். கவர்மென்ட் ஆபீஸில் ஃபைல் கேட்டால் கிளார்க் நிமிர்ந்து பார்ப்பாரே, அதே பார்வை. கூடவே டாஷ்போர்டில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு. மைலேஜ் பதினாறிலிருந்து பன்னிரண்டுக்கு இறங்கிவிட்டது.

மதுரையில் ஒரு ஒர்க்ஷாப்புக்குக் கொண்டுபோனேன். ஸ்டியரிங்குக்குக் கீழே பதினாறு முள் சாக்கெட் ஒன்று இருக்கும். அதில் ஸ்கேனரைச் சொருகினார்கள். 'பி-0171' என்று வந்தது. ஏதோ பஸ் நம்பர் மாதிரி! கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் போதவில்லை என்பது அதற்கு அர்த்தம். அந்தத் தம்பி அதைப் பார்த்த மாத்திரத்தில், "ஆக்ஸிஜன் சென்சார் போச்சு சார்" என்றார். நாலாயிரத்து எண்ணூறு ரூபாய். கணக்கு எழுதுகிறவன் புத்தியில், "பழசைக் கொடுங்க" என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். ஒரு வாரம் வண்டி பூ மாதிரி ஓடியது. எட்டாம் நாள் பழைய விக்கல். பத்தாம் நாள் பழைய விளக்கு.

அந்த லட்சணத்தில்தான் குற்றாலத்துக்குக் கிளம்பினோம். அப்பா, மனைவி, மகள், நான். ஸ்ரீவில்லிபுத்தூர் வரும்போதே விளக்கு எரிந்தது. பால்கோவா வாங்குகிற அவசரத்தில் கண்டுகொள்ளவில்லை. ராஜபாளையம், புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி. தூரத்தில் மலை மேல் மேகம். ஐந்தருவியில் ஆனந்தக் குளியல். மறுநாள் காலை, 'ஆரியங்காவு பக்கத்தில் பாலருவி இருக்காமே' என்று மகள் சொல்ல, செங்கோட்டை வழியாகப் புறப்பட்டோம்.

செங்கோட்டை தாண்டி, புளியரை மலைப்பாதை ஆரம்பிப்பதற்கு முன்னால், இரு பக்கமும் வயல், நடுவில் நேர் ரோடு. முன்னால் ஜல்லி ஏற்றிய டாரஸ் லாரி ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தது. எதிரே தூரத்தில் ஒரு கேரளா பஸ். நிறைய நேரம் இருக்கிறது என்று கணக்குப் போட்டேன். இண்டிகேட்டர் போட்டு, வலது பக்கம் ஏறி, மூன்றாவது கியரில் அழுத்தினேன்.

வண்டி யோசித்தது.

ஒரு விநாடிதான் இருக்கும். லாரிக்குப் பக்கவாட்டில், மழை ஈரத்தில், எதிரே பஸ் வளர்ந்துகொண்டே வர, அந்த ஒரு விநாடியில் நான் செலுத்தாத இன்ஷூரன்ஸ் பிரீமியம் எல்லாம் ஞாபகம் வந்தது. அப்பா முப்பது வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவர். முன் சீட்டிலிருந்து அடிவயிற்றிலிருந்து கத்தினார்: "ஹோல்டான்!" பிரேக்கில் கால் தானாகப் போயிற்று. லாரிக்குப் பின்னால் ஒதுங்கினேன். பஸ் டிரைவர் மலையாளத்தில் ஏதோ சொல்லிவிட்டுப் போனார். மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

ஓரம் கட்டினேன். பின் சீட்டில் மகள் மட்டும், "ஏம்ப்பா நின்னுட்ட?" என்றாள். மனைவி எதுவும் பேசவில்லை. அதுதான் பயமாக இருந்தது. அப்பா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்: "டேய், ஸ்டார்ட் ஆகாத வண்டியக்கூட நம்பலாம். நடு ரோட்டுல யோசிக்கிற வண்டிய நம்பக் கூடாது. எங்க டிப்போவுல டிரைவருங்க அந்த வண்டிய எடுக்கவே மாட்டாங்க."

பாலருவி ரத்து. திரும்பி, இலஞ்சிப் பக்கம் வேப்ப மரத்தடியில் ஒரு சின்ன ஒர்க்ஷாப்பில் நிறுத்தினேன். மெக்கானிக் அண்ணாச்சிக்கு அறுபது வயது இருக்கும். கூட ஒரு பையன், கையில் செல்போன். நான் நடந்ததைச் சொல்லி, "புது சென்சாரும் போயிடுச்சு போல" என்று முடித்தேன்.

"சென்சார் என்னத்துக்குப் போகுது? பழச வச்சிருக்கியளா தம்பி?"

டிக்கியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். முனையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். லேசாகக் கரி படிந்திருந்தது. "இது என்ன பாவம் பண்ணிச்சுன்னு களத்துனாவ?" என்றார்.

இந்த இடத்தில் சென்சாரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஸ்பார்க் ப்ளக் சைஸில் இருக்கும். புகைக் குழாயில் திருகியிருப்பார்கள். உள்ளே ஜிர்கோனியா என்ற பீங்கான், மேலே பிளாட்டினப் பூச்சு. ஒரு பக்கம் புகை, இன்னொரு பக்கம் வெளிக்காற்று. சுமார் 300 டிகிரி சூடு ஏறிய பிறகு, இரண்டு பக்கமும் இருக்கிற ஆக்ஸிஜன் வித்தியாசத்துக்குத் தகுந்த மாதிரி மின்சாரம் கொடுக்கும். புகையில் ஆக்ஸிஜன் மிச்சம் இருந்தால் 0.1 வோல்ட். மிச்சமே இல்லை, பெட்ரோல்தான் அதிகம் என்றால் 0.9 வோல்ட் வரை. ஒரு கிலோ பெட்ரோல் சுத்தமாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். அந்தக் கணக்கு சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதுதான் அதன் வேலை. ஜெர்மனியின் பாஷ் கம்பெனி தயாரித்து, 1976-ல் அமெரிக்காவுக்கு அனுப்பிய வால்வோ கார்களில் முதலில் வந்தது. நம் ஊரில் 1995-ல் நான்கு பெருநகரங்களில் புது பெட்ரோல் கார்களுக்குக் காடலிடிக் கன்வெர்ட்டர் கட்டாயமானது. 2000-ல் நாடு முழுக்க ஈயம் கலந்த பெட்ரோல் ஒழிந்தது. ஈயம் இருந்தால் கன்வெர்ட்டரும் பிழைக்காது, சென்சாரும் பிழைக்காது. அதன் பிறகுதான் இந்தச் சாமான் நம் தெருக்களுக்கு வந்தது. அதற்கு முன்னால் அம்பாஸடர் காலத்தில் கார்புரேட்டர் ஸ்க்ரூவைத் திருப்பி, காதால் கேட்டுக் கலவை வைத்தார்கள்.

நம் பாஷையில் சொன்னால், சென்சார் ஒரு ஆடிட்டர். வாசலில் உட்கார்ந்து, வெளியே போவதைப் பார்த்து, 'பெட்ரோல் குறைவு' அல்லது 'பெட்ரோல் அதிகம்' என்று குறிப்பு எழுதுவார். எஞ்சின் கம்ப்யூட்டர்தான் மானேஜர். குறிப்பைப் பார்த்து பெட்ரோலைக் கூட்டுவார், குறைப்பார். ஆடிட்டர் தினமும் 'குறைவு, குறைவு' என்று எழுதிக்கொண்டே இருந்தால், மானேஜர் சஸ்பென்ஸ் அக்கவுண்ட் ஒன்று தொடங்கி, 'இந்த வண்டிக்கு எப்போதும் இருபது சதவிகிதம் அதிகம் ஊற்று' என்று நிரந்தரமாக எழுதி வைத்துக்கொள்வார். இதற்கு 'ஃப்யூயல் ட்ரிம்' என்று பெயர். அந்த சஸ்பென்ஸ் தொகை எல்லையைத் தாண்டினால் மஞ்சள் விளக்கு. மதுரையில் என்ன செய்தார்கள்? குறை எழுதிய ஆடிட்டரை வேலையை விட்டு நீக்கிவிட்டு, கம்ப்யூட்டர் நினைவையும் அழித்துவிட்டார்கள். சஸ்பென்ஸ் அக்கவுண்ட் பூஜ்யம்! அதனால்தான் ஒரு வாரம் பூ. புது ஆடிட்டரும் அதையே எழுத ஆரம்பித்ததும் பழைய கதை.

அண்ணாச்சி முதலில் ஸ்கேனரைத் தொடவில்லை. நாலு ப்ளக்கையும் கழற்றினார். நல்ல ப்ளக் முனை பிஸ்கட் கலரில் இருக்க வேண்டும். என்னுடையவை காக்காய்க் கறுப்பு.

"பாத்தியளா? கம்ப்யூட்டர் பெட்ரோல் பத்தலைங்குது. ப்ளக் பெட்ரோல் சாஸ்திங்குது. ரெண்டு சாட்சியும் வேற வேற சொல்லுது. ப்ளக்குக்குப் பொய் சொல்லத் தெரியாது."

எனக்குச் சுரீரென்றது. ட்ரயல் பாலன்ஸ் டாலி ஆகவில்லை என்றால் நான் என் கடைக்காரர்களிடம் இதைத்தானே சொல்வேன்!

பையன் செல்போனோடு சேரும் சின்ன ஸ்கேனரைச் சொருகினான். 2013-ல் பி.எஸ்.-4 வண்டிகளுக்கு இந்த சாக்கெட் விஷயம் முழுமையாக வந்ததால், இப்போதெல்லாம் வேப்ப மரத்தடியிலும் கம்ப்யூட்டர் வைத்தியம்தான். வண்டி நின்றபடி மெதுவாக ஓடும்போது ட்ரிம் கூட்டல் இருபத்திரண்டு. ஆர்.பி.எம்.மை இரண்டாயிரத்து ஐநூறுக்கு ஏற்றினால் ஆறுக்கு இறங்கியது. அடுத்து சென்சாரின் வோல்ட்டேஜ். ஆக்ஸிலேட்டரை ஒரு தட்டுத் தட்டினால் 0.8-க்குத் தாவியது. காலை எடுத்தால் 0.1-க்கு விழுந்தது. சென்சாருக்கு ஒரு குறையும் இல்லை. (சில புது வண்டிகளில் வேறு வகை சென்சார் வருகிறது. அதில் இந்த வோல்ட்டேஜ் கணக்கு செல்லாது. நீங்களே பரிசோதிக்க இறங்குவதற்கு முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.)

அப்படியென்றால் சென்சார் நிஜமாகவே ஆக்ஸிஜனைப் பார்க்கிறது. எங்கிருந்து வருகிறது அது?

இரண்டு வழி உண்டு. ஒன்று, எஞ்சினுக்குள் காற்று போகும் பாதையில் எங்காவது ஓட்டை. கூம்பு ஃபில்டர் மாட்டியவர்கள் வீட்டில் இது சகஜம். கிளாம்ப் தளர்ந்திருக்கும், ரப்பர் குழாய் வெடித்திருக்கும். எஞ்சின் ஓடும்போது கார்புரேட்டர் கிளீனரை அந்த இணைப்புகளைச் சுற்றி அளவாக அடித்துப் பார்த்தார்கள். ஓட்டை இருந்தால் அது உள்ளே போய் எஞ்சின் சத்தம் மாறும். மாறவில்லை. (சூடான குழாய்க்குப் பக்கத்தில் இதை நீங்கள் செய்து பார்க்க வேண்டாம். அது தீப்பிடிக்கிற சரக்கு.)

"காலைல மொத ஸ்டார்ட்டுல ஒரு சத்தம் வருமா தம்பி? டிக்கு டிக்குன்னு? வண்டி சூடானதும் நின்னு போகுமே?"

வரும். ஆறு மாதமாக வருகிறது. நான் அதை ஸ்போர்ட்ஸ் கார் சத்தம் என்று நினைத்து, ஆபீஸ் நண்பர்களுக்கு வாட்ஸ்அப்பில் பதிவு செய்து வேறு அனுப்பியிருக்கிறேன்!

"வண்டி இங்கயே கெடக்கட்டும். ஆறட்டும். காலைல வாங்க" என்று சொல்லிவிட்டார். ஆட்டோ பிடித்துக் குற்றாலத்துக்குத் திரும்பினோம். மகளும் அப்பாவும் மெயினருவிக்குப் போனார்கள். நான் லாட்ஜ் ஜன்னலில் உட்கார்ந்து சாரலை வெறித்துக்கொண்டிருந்தேன். மனைவி அப்போதுதான் வாயைத் திறந்தாள். "அந்த பஸ் இன்னும் கொஞ்சம் வேகமா வந்திருந்தா?" என்று மட்டும் கேட்டாள். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

காலை ஆறரைக்கு ஒர்க்ஷாப்பில் இருந்தேன். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் பண்ணினார். டிக், டிக், டிக்... ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை ஹெடரைச் சுற்றி நகர்த்தினார், டாக்டர் ஸ்டெதஸ்கோப் வைப்பது போல. நாலாவது சிலிண்டர் பக்கம் நின்றார். எஞ்சினை நிறுத்தி, சைலன்ஸர் வாயில் துணியைச் சுற்றிக் காற்றடிக்கும் குழாயைச் செருகி மெதுவாகக் காற்று விட்டான் பையன். ஹெடர் எஞ்சினோடு சேரும் விளிம்பில் சோப்புத் தண்ணீரைத் தெளித்தார். சைக்கிள் டியூப் பஞ்சர் பார்ப்பது போலவேதான். நுரை நுரையாக முட்டை விட்டது!

ஒரு போல்ட்டைக் காணவே காணோம். இன்னொன்று தளர்ந்திருந்தது. கேஸ்கெட் ஓரம் எரிந்து கரியாகியிருந்தது.

"ஓட்டை வழியா புகை வெளியதான போகும்? காத்து எப்படி உள்ள வரும்?" என்று கேட்டேன்.

"ஐந்தருவி பாத்தியள்ளா? ஒரு ஆறு அஞ்சாப் பிரிஞ்சு விழுது. இது தலைகீழ். நாலு சேந்து ஒண்ணாப் போகுது. ஆனா அருவி மாதிரி விடாம வராது. புகை தள்ளித் தள்ளி வரும். ஒரு தள்ளலுக்கும் அடுத்த தள்ளலுக்கும் நடுவுல குழாய் உறிஞ்சும் தம்பி. அப்பம் வெளிக்காத்த உள்ள இழுத்துக்கும்."

அந்தக் காற்றில் இருக்கும் ஆக்ஸிஜனைத்தான் சென்சார் பார்த்திருக்கிறது. மானேஜர் அதை நம்பி, தேவையே இல்லாமல் பெட்ரோலை ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறார். எஞ்சின் வேகமாகச் சுற்றும்போது புகை விடாமல் தள்ளுவதால் உறிஞ்சலின் பங்கு குறையும். ஸ்கேனரில் இருபத்திரண்டு ஆறாக இறங்கிய மர்மம் அதுதான். ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் எந்தக் காரிலும் பெட்ரோல் கொஞ்சம் கூடுதலாக விழும். என் காரில் அதற்கு மேல் அந்த இருபது சதவிகித சஸ்பென்ஸ் தொகையும் சேர்ந்து விழுந்தது. ஏற்கெனவே வயிறு நிறைந்தவன் வாயில் லட்டைத் திணித்தால் விக்காமல் என்ன செய்வான்?

இதில் இன்னொரு ஆபத்தும் இருந்தது. எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரியும். உள்ளே தேன்கூடு மாதிரி இருப்பது சூட்டில் உருகிப் போகும். பிளாட்டினம் வகையறாக்கள் பூசிய சமாசாரம் அது. மாற்றினால் சென்சார் விலையெல்லாம் டீச்செலவு. நல்லவேளை, கோவைப் பையன் கன்வெர்ட்டரையாவது விட்டுவைத்திருந்தான்.

ஹெடரை இறக்கியதும் விளிம்புத் தகடு லேசாக வளைந்திருப்பது தெரிந்தது. கடையில் வாங்கும் ஹெடர்களில் தகடு மெல்லிசாக இருந்தால் சூட்டில் இப்படி ஆகுமாம். மட்டப் பலகை வைத்துப் பார்த்துப் பார்த்து அரம் போட்டார் அண்ணாச்சி. தென்காசிக்கு ஆள் அனுப்பி, புது கேஸ்கெட்டும் போல்ட்டும் வந்தன. நடுவில் பையன் சிலிக்கான் பேஸ்ட் ட்யூபை எடுத்து வந்தான். "ஏல, அத வை கீழ!" என்று ஒரு அதட்டல். அந்தப் பேஸ்ட்டிலிருந்து வரும் ஆவி சென்சாரின் மேல் படிந்தால், அது நிஜமாகவே செத்துவிடும். ஓட்டையை அடைத்த கையோடு ஆடிட்டருக்கு விஷம் வைத்த கதை!

சென்சார் ஒயரையும் ஒரு பார்வை பார்த்தார். ஹெடர் மாட்டும்போது நீளம் போதாமல் வெட்டி ஒட்டுப் போட்டு, இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தது. சாரல் தண்ணீர் உள்ளே போனால் முடிந்தது. ஒரு வோல்ட்டுக்கும் குறைவாகப் பேசுகிற சாமான் அது. ஈரத்தில் அது பேசுவது பாதிதான் கேட்கும். அதையும் பிரித்துச் சரியாகக் கவ்வவைத்து, சூடு படாத பக்கமாகக் கட்டினார்.

சைலன்ஸரைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. அப்பாதான் சொன்னார், "இந்தச் சத்தத்தையும் எறக்கிரு" என்று. சட்டமும் அப்பா கட்சிதான். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவின்படி, கம்பெனி கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைக்கக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் கறாராக அதையே சொன்னது. மதுரை திரும்பியதும் கம்பெனி சைலன்ஸருக்கு மாறிவிட்டேன். தெரு நாய்கள் இப்போது எழுந்திருப்பதில்லை.

மத்தியானம் வேலை முடிந்தது. கம்ப்யூட்டர் நினைவை அழித்துவிட்டு, "இந்தத் தடவ அழிச்சது நியாயம்" என்றார் அண்ணாச்சி. ஓட்டிப் பார்க்கப் புறப்பட்டோம். அப்பா பிடிவாதமாக முன் சீட்டில் ஏறிக்கொண்டார். அண்ணாச்சி பின்னால். அதே செங்கோட்டை, அதே நேர் ரோடு, வேறொரு லாரி. எதிரே கண்ணுக்கெட்டியவரை காலி. ஆனாலும் என் கால் அழுத்த மறுத்தது. வண்டியின் யோசனை என் காலுக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. கதவுக்கு மேலே இருந்த கைப்பிடியை அப்பா இறுகப் பிடித்திருந்ததை ஓரக்கண்ணால் பார்த்தேன். அரை கிலோமீட்டர் லாரி வாலைப் பிடித்துக்கொண்டே போனேன்.

"ரைட்! போலாம்!" என்றார் அப்பா.

அழுத்தினேன். வண்டி போயிற்று.

ஒர்க்ஷாப்புக்குத் திரும்பி பில் கேட்டேன். தினசரி காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தார். கேஸ்கெட், போல்ட், கூலி எல்லாம் சேர்த்து ஆயிரத்து நானூறு. வழக்கம்போல மேலிருந்து கீழே விரலை ஓட்டினேன். கூட்டலில் ஐம்பது ரூபாய் குறைவாகப் போட்டிருந்தார். சொல்லிவிட்டு, ஆயிரத்து நானூற்றைம்பதாகக் கொடுத்தேன்.

அண்ணாச்சி பையனைப் பார்த்துச் சிரித்தார். "பாத்தியால? சென்சார் நல்லாத்தாம்ல வேலை செய்யுது!"